தீர்மானம் போட்டாச்சு என்றார்கள், பிறகு எதற்கு நோட்டீஸ்?

காரைக்குடியைச் சுற்றியுள்ள பேரூராட்சி ஒன்றிலிருந்து 61 வயது ஆச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம். ஊரும் பேரும் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

சென்னையில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் தவறிய பிறகு அவருடைய பூர்வீக வீட்டுக்கே வந்துவிட்டார். கணவரின் பாட்டனார் கட்டிய வீடு, வயது நூறை நெருங்குகிறது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பூட்டிக் கிடந்து ஓடு சரிந்துகொண்டிருந்த வீட்டுக்குள் 18 லட்ச ரூபாயைப் போட்டிருக்கிறார். வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் எட்டைச் சீராக்கி, குளியலறைகள் கட்டி, பின்கட்டுக்கு அப்பால் தகரக் கொட்டகை போட்டு அடுப்படி அமைத்து, 14 மாதமாக வெளியூர்க்காரர்களைத் தங்கவைக்கிறார். தொடங்கும் முன்பே வார்டு உறுப்பினரைக் கேட்டாராம். "மன்றத்தில் தீர்மானம் போட்டுக் கமர்ஷியல் ஆக்கித் தந்துவிடுகிறோம்" என்றாராம் அவர். தீர்மானமும் வந்தது. சொத்து வரி வணிக விகிதத்துக்கு ஏறியது, மின் இணைப்பும் வணிகக் கட்டணத்துக்கு மாறியது.

இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. முதன்மைக் குடியிருப்புப் பகுதியில் அனுமதி இல்லாமல் தங்கும் விடுதி நடத்துகிறீர்கள், 30 நாளுக்குள் பதில் சொல்லுங்கள் என்று. எதிர்வீட்டுக்காரர் புகார் கொடுத்தாராம். ஆச்சி கேட்பது இவை: வரி கட்டியாச்சே, அப்புறம் எப்படி இது வீட்டு மண்டலம்? சட்டம் வருவதற்கு முன்பே கட்டிய வீட்டுக்குச் சட்டம் எப்படிப் பொருந்தும்? எதிர்வீட்டுக்காரரிடம் சமாதானமாகக் கையெழுத்து வாங்கினால் முடிந்துவிடுமா? "இந்த ஒரு வீட்டை மட்டும் மாற்றித் தருகிறேன்" என்று தொகை கேட்கும் தரகரை நம்பலாமா? கடைசி வரியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: "வீட்டை இடித்துவிடுவார்களா?"

ஆச்சி, அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது. வீட்டை இடிக்க மாட்டார்கள். நோட்டீஸின் நகலைப் பார்த்தேன். அதில் குற்றம் சாட்டப்பட்டிருப்பது வீட்டின் பயன்பாடு, கட்டடம் அல்ல. பின்னால் போட்ட தகரக் கொட்டகையைக் கழற்றச் சொல்லலாம், அதற்கு நீங்கள் அனுமதி வாங்கவில்லை. அதைக்கூட நினைத்த மாத்திரத்தில் யாரும் வந்து பிரித்துப் போட முடியாது. முன்னறிவிப்பு கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, உங்கள் தரப்பைக் கேட்ட பிறகே இடிப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லியிருக்கிறது.

வரி ரசீது எதைச் சொல்கிறது

என்னிடம் இந்த மாதிரி விஷயமாக வருகிறவர்களில் பாதிப் பேர் பையிலிருந்து முதலில் எடுத்து நீட்டுவது வரி ரசீதைத்தான். அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாக இருக்கும். ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்: வரி விதிப்பவர் பார்ப்பது கட்டடத்தில் இன்று என்ன நடக்கிறது என்பதை. விடுதி நடந்தால் விடுதிக்கு உரிய வரி. அது முறையாக நடக்கிறதா என்பது அவருடைய வேலை இல்லை. மின்வாரியமும் அப்படித்தான், மின்சாரம் எதற்குச் செலவாகிறதோ அதற்கேற்பக் கட்டணம் போடும். அனுமதியே இல்லாத கட்டடத்துக்கும் வரி போடுவார்கள், வாங்குவார்கள், ரசீதும் தருவார்கள். உங்கள் ரசீது நிரூபிப்பது ஒன்றைத்தான்: 14 மாதமாக நீங்கள் வணிகம் செய்கிறீர்கள் என்பதை. எதிர்த்தரப்பு வக்கீல் கையில் கிடைத்தால் அவருக்குத்தான் அது சாட்சி.

ஆக, பணம் வீணா என்றால், முழுக்க வீண் இல்லை. எதையும் மறைக்கவில்லை, ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று காட்ட அது உதவும். அவ்வளவுதான் அதன் பலம்.

மன்றத்தின் கை எட்டும் தூரம்

எந்த நிலம் குடியிருப்பு, எது வணிகம், எது விவசாயம் என்பதை முடிவு செய்வது தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. அந்தச் சட்டத்தின்படி தயாராகி அரசு ஒப்புக்கொண்ட முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அது எந்த மண்டலம் என்று காட்டும் ஒரு நிறம் உண்டு. அந்த நிறத்தை மாற்றுவதற்கு 32-ஆவது பிரிவின்படி அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும். பாதை இப்படிப் போகும்: நீங்கள் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் விண்ணப்பிக்கிறீர்கள். உள்ளாட்சி மன்றத்தின் கருத்து கேட்கப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று பொதுமக்களுக்கு அறிவிப்பு வருகிறது. இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுகிறார்கள். கோப்பு சென்னையில் இருக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும், அங்கிருந்து வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கும் போகிறது. ஆணை வந்து அரசிதழில் வெளியான பிறகுதான் நிறம் மாறும்.

இந்த நீளமான பாதையில் பேரூராட்சி மன்றத்தின் தீர்மானம் ஒரே ஒரு படி. உங்களுக்கு நடந்தது என்னவென்றால், அந்த ஒரு படியில் ஏறி நின்றுகொண்டு மாடிக்கே வந்துவிட்டதாக நினைத்துவிட்டீர்கள். வார்டு உறுப்பினர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தீர்மானம் போட்டால் ஆகிவிடும் என்று அவரே நம்பியிருக்கலாம். கடைக்கு உரிமம், தெருவில் வண்டி நிறுத்துவது, குப்பை, குடிநீர், வரி என்று எத்தனையோ விஷயத்தில் மன்றம் சொன்னால் ஆகிவிடத்தானே செய்கிறது! அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாவது அட்டவணையில் நகரத் திட்டமிடல்தான் முதல் வரி. ஆனால் அது மாநில அரசு விரும்பினால் கொடுக்கலாம் என்ற பட்டியல். மண்டலத்தை மாற்றும் அதிகாரத்தை நம் அரசு தன் கையிலேயே வைத்திருக்கிறது.

இதில் உங்களுக்குச் சாதகமும் உண்டு. நாளைக்கே எதிர்வீட்டுக்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் "விடுதி கூடாது" என்று மன்றத்தில் தீர்மானம் போட வைத்தாலும், அதுவும் ஒரு கருத்துதான், முடிவு அல்ல. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகி, கோட்டையூர், கண்டனூர் போன்ற ஊர்கள் அதோடு சேர்ந்தபோது அங்கிருந்து சிலர் "இனிமேல் மேயர் கையெழுத்துப் போட்டால் போதுமா?" என்று கேட்டு வந்தார்கள். போதாது. மாநகராட்சிக்கும் இதே கதைதான்.

நூறு வருஷ வீடு

சட்டத்துக்கு முந்தைய வீடு என்ற உங்கள் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. வீடாக இருந்த வீடு வீடாகவே தொடர்வதை யாரும் கேள்வி கேட்க முடியாது. அனுமதி வரைபடம் எங்கே என்று கேட்டால், அந்தக் காலத்தில் கொத்தனார் மணலில் கோடு கிழித்ததுதான் வரைபடம் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் "வளர்ச்சிப் பணி" என்பதன் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். கட்டுவது மட்டும் அதில் இல்லை. ஒரு கட்டடத்தின் பயன்பாட்டில் முக்கியமான மாற்றம் செய்வதும் வளர்ச்சிப் பணிதான். ஒரு செங்கல்கூட வைக்காமல், முகப்பில் பலகை மாட்டி வரவேற்பு மேசை போட்டாலே திட்ட அனுமதி தேவைப்படுகிறது. வீட்டுக்கு வயது நூறு, விடுதிக்கு வயது 14 மாதம். நோட்டீஸ் வந்திருப்பது இரண்டாவதற்கு.

யுனெஸ்கோ பட்டியல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது நிஜம். அந்தப் பட்டியல் உங்களுக்கு விடுதி நடத்தும் உரிமையையும் தராது, தடையும் போடாது. ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துவிட்டு மார்பிள் போடாமல் இருந்தீர்களே, அதற்காக என் தனிப்பட்ட நன்றி. நோட்டீஸுக்கான பதிலில் அதை எழுதுவதிலும் தப்பில்லை.

எதிர்வீட்டுக் கையெழுத்தும் தரகரின் தொகையும்

எதிர்வீட்டுக்காரர் சம்மதித்தால் புகார் போகும், மண்டலம் போகாது. குடியிருப்புப் பகுதி என்பது உங்கள் இருவருக்கும் இடையில் உள்ள ஒப்பந்தம் இல்லை, அந்தத் தெருவில் குடியிருக்கும் எல்லாருக்குமான ஏற்பாடு. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு என்று சொல்லி, 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டையே ரத்து செய்தது. அதனால் இன்று இவர் கையெழுத்துப் போட்டாலும் நாளை மூன்றாவது வீட்டுக்காரர் கேட்கலாம்.

அதற்காக அவரைப் பகைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவருடைய புகாரைப் படித்தேன். மண்டலத்தைப் பற்றி அதில் ஒரு வரிதான். மீதி எல்லாம் இரவு 12 மணி வரை ஓடிய பாட்டும், அவர் வாசலை அடைத்து நின்ற சுற்றுலா வேனும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், குடியிருப்புப் பகுதியில் இரவில் ஒலி அளவு 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. அவர் கேட்பது நியாயம்தான், ஆச்சி. வேனைப் பின்தெருவில் நிறுத்தச் சொல்லுங்கள், பாட்டை நிறுத்துங்கள், நேரில் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். நாளைக்கு ஆட்சேப அறிவிப்பு வரும்போது அவர் எழுதப்போவது என்ன என்பது அந்த ஒரு வார்த்தையில் இருக்கலாம்.

தரகரை விட்டுவிடுங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் மண்டலம் மாற்றுவது சட்டத்தில் இல்லாதது அல்ல. ஒற்றைச் சர்வே எண்ணுக்கும் அரசாணை வருவதுண்டு. ஆனால் அது மேலே சொன்ன பாதையில் வர வேண்டும். தரகர் காட்டிய சுயசான்று அனுமதி, அதாவது உரிமையாளரே விவரங்களுக்குச் சான்று சொல்லி வாங்கும் அனுமதி, 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு. உங்கள் வளவு ஒன்றே அதை விழுங்கிவிடும், தவிர அது விடுதிக்கு உதவவே உதவாது. அப்புறம் இன்னொன்று: 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

பூட்டிய அறைகள்

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் கவலைப்பட்டுப் பார்த்தேன். நீங்கள் அனுப்பிய படத்தில் வளவின் மேற்குப் பக்கம் மூன்று அறைகளில் பழைய பித்தளைப் பூட்டு தொங்குகிறது. "அது பங்காளிகள் அறை, நாங்கள் தொடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அறையைத் தொடவில்லை, சரி. வளவு யாருடையது? முகப்பு யாருடையது? பின்கட்டு? உங்கள் கணவருக்கு இரண்டு சகோதரர்கள், இரண்டு சகோதரிகள். எழுத்தில் பாகப்பிரிவினை ஆகவில்லை. "மலேசியாவில் இருக்கும் கொழுந்தனார் போனில் சரி என்று சொன்னார்" என்பது குடும்பத்துக்குப் போதும், அரசு அலுவலகத்துக்குப் போதாது. பயன்பாட்டை மாற்றக் கேட்கும் விண்ணப்பத்தில் உரிமையாளர்கள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும், அல்லது அவர்கள் சார்பில் கையெழுத்திடப் பதிவு செய்த அதிகாரப் பத்திரம் (பவர்) வேண்டும்.

நாத்தனார்கள் இருவருக்கும் "சீர் செய்து கட்டிக்கொடுத்தாச்சு, பங்கு இல்லை" என்று எழுதியிருப்பதையும் திருத்திக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் வழக்கம் அப்படி இருக்கலாம். 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பூர்வீகச் சொத்தில் மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குதாரர். திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கல்யாணமோ சீரோ அந்தப் பங்கை அழிக்காது. அவர்களையும் சேர்த்தே கையெழுத்து வாங்குங்கள்.

அவர்களிடம் எழுதி வாங்கும் பத்திரத்திலேயே, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் குடும்பத்துச் சாந்திக்கும் வளவும் அடுப்படியும் எந்த நாட்களில் விருந்தினர் இல்லாமல் விடப்படும் என்று எழுதிவிடுங்கள். பங்காளிகள் பணத்துக்காகச் சண்டை போட்டதைவிட, படைப்புக்கு வந்து இறங்கியபோது வளவில் யாரோ அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து காப்பி குடித்ததற்காகச் சண்டை போட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இனி உள்ள வழிகள்

முதலில், இரண்டு தெருவைத் தொடும் உங்கள் வீடு ஒரே சர்வே எண்ணா, இரண்டா என்று பாருங்கள். பின்தெருவில் கடைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முகப்புப் பக்கம் முதன்மைக் குடியிருப்பாகவும் பின்பக்கம் கலப்புக் குடியிருப்பாகவும் இருக்க வாய்ப்பு உண்டு. கலப்புக் குடியிருப்பில் அனுமதிக்கப்படும் பயன்பாடுகள் விரிவானவை, மண்டல மாற்றமே இல்லாமல் திட்ட அனுமதியோடு வேலை முடியலாம். மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் சர்வே எண் வாரியாக நில உபயோகச் சான்று கேளுங்கள். தாமதம் செய்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இந்தச் சான்று கையில் இல்லாமல் எந்த வக்கீல் எந்த யோசனை சொன்னாலும், நான் உட்பட, அது குருட்டாம்போக்குதான்.

அடுத்தது, நோட்டீஸ். அது நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56-ஆவது பிரிவின்படி வந்தது. அதே பிரிவில் ஒரு கதவு இருக்கிறது: கெடுவுக்குள், இப்போதைய பயன்பாட்டைத் தொடர அனுமதி கேட்டு நீங்கள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் முடிவாகும் வரை நோட்டீஸ் செயலுக்கு வராது. கெடு தாண்டினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். ஆகவே "தீர்மானம் போட்டார்களே" என்று பதில் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள்.

மூன்றாவது, தொழிலைச் சுருக்குவது. உண்மையில் எனக்குப் பிடித்த வழி இதுதான். நீங்கள் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறீர்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் அப்படிப்பட்டவர்களுக்கானது: குடும்பம் வீட்டிலேயே இருக்க வேண்டும், அதிகபட்சம் 6 அறை, 12 படுக்கை. எட்டு அறையை ஆறாக்குங்கள், தகரக் கொட்டகையைப் பிரியுங்கள், முகப்பில் மாட்டிய விடுதிப் பலகையைக் கழற்றுங்கள், வெளியாருக்குச் சாப்பாடு விற்பதை நிறுத்துங்கள். வீடு வீடாகவே இருக்கிறது, அதில் சில விருந்தினர் தங்குகிறார்கள் என்ற நிலைக்கு வந்தால் உங்கள் வாதம் வேறு மாதிரி நிற்கும். சுற்றுலாத் துறைப் பதிவும் மண்டல அனுமதி ஆகிவிடாது என்பதை மறக்காமல், அந்த அளவுக்கு அனுமதி தேவையா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். உணவுப் பதிவும், வெளிநாட்டவர் தங்கினால் அவர்களைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்ப வேண்டிய படிவமும் எப்படியும் வேண்டும்.

முழு விடுதியாகத்தான் நடத்துவேன் என்றால் மண்டல மாற்றம்தான் வழி. தெருவின் அகலம், வண்டி நிறுத்த இடம், தீயணைப்புத் துறையின் சான்று எல்லாம் கேட்பார்கள். உங்கள் முகப்புத் தெரு அகலம் எனக்கு நம்பிக்கை தரவில்லை. ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், இடையில் எட்டு அறையையும் ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். மீரட்டில் வீட்டு மனையில் கடைகள் கட்டிய வழக்கில், எத்தனை வருஷம் ஆனாலும், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும், அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் இருந்தாலும் தப்பு சரியாகிவிடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி, கடைகளை இடிக்க உத்தரவிட்ட தீர்ப்பை உறுதி செய்தது. உங்கள் 18 லட்சத்தைச் சொல்லி இரக்கம் கேட்கலாம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 30 நாள் அது உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணப்படுகிறதா என்ற கேள்வி வந்தால் அந்தத் தபால் முத்திரைதான் பேசும். பதிலையும் விண்ணப்பத்தையும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கணவரின் வாரிசுச் சான்று, மன்றத் தீர்மானத்தின் சான்றிட்ட நகல் இவற்றோடு பக்கத்திலுள்ள வக்கீல் ஒருவரை இந்த வாரத்திலேயே பாருங்கள். கடிதத்தில் நீங்கள் குறித்திருந்த தேதிப்படி பார்த்தால் மீதி இருப்பது 17 நாள்.